வெளுத்த வத்தல்

மாசி, பங்குனியில் எங்கள் ஊர் வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க்கரை வளைவில் பஸ் திரும்பும்போதே முன் சீட்டில் யாராவது தும்முவார்கள். அடுத்து ஒரு கைக்குழந்தை. பிறகு பஸ் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். டிரைவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, தார்ச்சாலையில் பாதியை அடைத்துக் காயும் மிளகாய்ப் பழத்தின்மேல் சக்கரம் ஏறாமல் ஒடித்து ஒடித்து ஓட்டுவார். ஏறிவிட்டால் அவ்வளவுதான். வேப்பமர நிழலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் கிழவி அவருடைய ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்துவிடுவாள்.

முதுகுளத்தூருக்குத் தெற்கே, சாயல்குடி போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது ஊர். இப்போதும் இருக்கிறது. நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஊரை. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்று மேலதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். கிணறு வெட்டினால் உவர்த் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் மானம் கொடுப்பதை வாங்கிக் கண்மாயில் தேக்கி வைத்தால் அதை நம்பி நெல்லு. கண்மாய்த் தண்ணீர் ஏறாத மேட்டுக் கரிசலில் மிளகாய். நெல் வீட்டுச் சாப்பாட்டுக்கு. கல்யாணம், கருமாதி, பள்ளிக்கூடச் சம்பளம், வட்டி, தீபாவளித் துணி என்று காசாகச் செலவாவது எதுவானாலும் அது மிளகாயிலிருந்துதான் வரவேண்டும்.

எங்கள் மிளகாய் நீள மிளகாய் அல்ல, முண்டு. வெளியூர்க்காரர்கள் குண்டு மிளகாய் என்பார்கள். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக, தோள் புடைத்து, தோல் தடித்து இருக்கும். காய்ந்ததைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். தவழும் பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுக்க முடியாத வீடுகளில் அதையே துணியில் முடிந்து தொட்டிலில் கட்டியிருக்கிறார்கள் என்று அப்பத்தா சொல்லும். முடிச்சு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “அன்னைக்கு ஊரே தெரிஞ்சுக்கும்” என்றது.

ஆடி முடிந்ததும் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடக்கும் புஞ்சையில் கிடை போட, ராத்திரிக்கு இவ்வளவு என்று பேச்சு. எங்கள் ஐயா (அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எந்தப் புஞ்சையில் எத்தனை ராத்திரி கிடை கிடந்தது என்பதை வருஷ வாரியாகச் சொல்வார். பேரப்பிள்ளைகள் பிறந்த வருஷம் மட்டும் குழம்பும். புரட்டாசியில் புழுதி உழவு. போன வருஷப் பழத்தில் நல்ல தோள்கட்டு உள்ளதாகப் பார்த்து ஒதுக்கி, உறியில் தொங்கவிட்டிருந்த விதையை எடுத்துத் தூவுவார்கள். நாற்றங்கால், நடவு எதுவும் கிடையாது. மழை வந்தால் முளைக்கும். கூடவே மல்லியும் வெங்காயமும் ஊடு பயிர். முளைத்த பிறகு களைதான் பெரிய பாடு. விடியக் கருக்கலில் போகும் பெண்கள் குத்தவைத்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒரு புஞ்சையைக் கடப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும்.

தை பிறந்ததும் பழம் சிவக்கத் தொடங்கும். அப்போது கிளி வரும். மிளகாய்க் காட்டில் கிளியை விரட்டுவது என் வேலை, தகரமும் குச்சியும் ஆயுதம். மனுஷர் நாக்கைப் பொசுக்குகிற பழத்தை அது கொத்திக் கொத்தித் தின்றுவிட்டு நிதானமாக அடுத்த செடிக்குப் போவதைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். பறவைகளுக்குக் காரம் உறைக்காது என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். கடித்து அரைத்து விதையைப் பாழாக்கும் விலங்குகளுக்கு உறைக்கும். முழுசாக விழுங்கி வேறிடத்தில் எச்சமிடும் பறவைக்கு உறைக்காது. செடியின் ஏற்பாடு அப்படி. நான் தகரம் தட்டியது மிளகாய்ச் செடியின் விருப்பத்துக்கு விரோதமாகத்தான்.

பறிப்பு தொடங்கினால் பங்குனி, சித்திரை வரை ஓயாது. பறிக்கிற பெண்களின் கை ராத்திரியில் காந்தும். பகலில் ஒன்றும் தெரியாது, படுத்தால்தான் ஆரம்பிக்கும். தண்ணீரில் கழுவினால் போகாது. எண்ணெய் தடவுவார்கள், மோரில் முக்குவார்கள். என் அம்மா மோர்ச் சட்டியில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் அவள் என் முகத்தைத் தொட மாட்டாள். கன்னத்தைக் கிள்ள வந்த கை பாதியில் நின்று புறங்கையால் தடவிவிட்டுப் போகும்.

பறித்த பழத்தை உடனே வெயிலில் போடுவதில்லை. இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் குவித்து வைக்க வேண்டும். அரைப்பழமும் செங்காயும் அந்தப் புழுக்கத்தில் முழுதாகச் சிவந்து ஒரே நிறத்துக்கு வரும். அப்போது எங்களுக்குப் படுக்க இடமிருக்காது. கூடத்தில் மிளகாய் படுத்திருக்கும், நாங்கள் தெருவில். பிறகு களத்துக்கும் ரோட்டுக்கும் போகும். முண்டுக்குத் தோல் தடிப்பு, ஆகவே காய்வதும் மெதுவாக. நாலு கிலோ பழம் போட்டால் ஒரு கிலோ வத்தல் கிடைக்கும். மாசியில் ஒரு கோடை மழை இறங்கினால் அந்த ஒரு கிலோவும் சந்தேகம். மேகம் கறுத்தால் ஊரே ஓடும். பகையாளி வீட்டு மிளகாயையும் சேர்த்து அள்ளுவார்கள். பகையை மறுநாள் தொடர்ந்துகொள்வார்கள்.

நனைந்து மறுபடி காய்ந்ததும், அடியில் கிடந்து புழுங்கியதும், அரைப்பழத்தில் பறித்ததும் சிவக்காது. வெளிறி, மஞ்சளும் வெள்ளையுமாகப் போய்விடும். அதற்கு வெளுத்த வத்தல் என்று பெயர். சித்திரை வெயிலில் புளியமரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். காம்போடு, முழுசாக, ரத்தச் சிவப்பாக இருப்பது ஒரு குவியல். காம்பு போனது, உடைந்தது, சொத்தை ஒரு குவியல். வெளுத்தது தனி. சிவந்த குவியல் சாக்குக்குப் போகும். மற்ற இரண்டும் எங்கள் அடுக்களைக்கு.

இதை அப்போது யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. எங்கள் வீட்டுக் குழம்பு செங்கல் நிறத்தில் இருக்கும், குழம்பென்றால் அதுதான் நிறம் என்று நினைத்திருந்தேன். சிவந்த வத்தலை வீட்டில் தொடுவதற்கு மூன்றே காரணம்: கமிஷன் கடைக்குப் போவது, குலசாமிக்குப் பொங்கல் வைக்கும்போது படையல் குழம்புக்கு எடுப்பது, வெளியூரிலிருந்து வந்து திரும்புகிற விருந்தாளிக்கு முடிந்து கொடுப்பது. விருந்தாளிக்கு வெளுத்த வத்தலைக் கொடுத்தால் அது அவருக்கு அவமானம், நமக்கு அதைவிட. நாங்கள் அந்தக் குவியலில் ஒன்றை எடுத்து அடுப்பில் போட்டால் அப்பத்தாவின் கண் எங்கிருந்தாலும் வந்துவிடும். “விக்கிறதைத் திங்கிறவன் வெளங்குவானா?”

ஆனால் அந்த வெளுத்த வத்தலில் அம்மா செய்ததெல்லாம் நாக்கில் அப்படியே இருக்கிறது. பொடிக்கு ஒரு பங்கு வத்தலுக்கு இரண்டு பங்கு மல்லி, அதுவும் எங்கள் கரிசல் மல்லி. சின்னதாக இருக்கும், விரலில் நசுக்கினால் மணம் ரொம்ப நேரம் போகாது. கொஞ்சம் மிளகு, சீரகம், வெந்தயம், ஒரு கை துவரம்பருப்பு, இரண்டு கொம்பு மஞ்சள். இரும்புச் சட்டியில் தனித்தனியாக வறுக்க வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் வெந்தயம் கருகும், மஞ்சள் வேகாது. வத்தலை மட்டும் வறுக்க மாட்டாள், வெயிலில் மொறுமொறுக்க வைத்துச் சூடு ஆறுமுன் மில்லுக்கு எடுத்துப் போவாள். அங்கே மிளகாய்க்கென்று தனி மிஷின். அதை ஓட்டியவர் கண் எப்போதும் சிவந்தே இருக்கும், குடிகாரர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பாவம், டீ கூடக் குடிக்காதவர்.

கருவாட்டுக் குழம்புக்குப் பொடி கூடாது; வத்தலை ஊறவைத்து அம்மியில்தான் அரைக்க வேண்டும். கேப்பைக் கூழுக்கு மோர் மிளகாய். அதுவும் தீர்ந்த நாட்களில் சுட்ட வத்தல். தணலில் இரண்டு வத்தலைப் புரட்டி, கறுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து, உப்பும் உரித்த சின்ன வெங்காயமும் வைத்து உள்ளங்கையில் நசுக்கினால் ஒரு சட்டி கஞ்சி இறங்கிவிடும். மழை பொய்த்த வருஷங்களில் பல வீடுகளில் மூன்று வேளையும் அதுதான். மிளகாய் விளையாத வருஷத்தில் மிளகாயைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடிப்பது எப்படி என்று இப்போது யோசித்தால் விளங்கவில்லை. முந்தின வருஷத்து வெளுத்த வத்தல் பானையில் இருந்திருக்க வேண்டும். அந்த வருஷங்களில் ஆண்கள் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள்.

ஐயாவோடு பரமக்குடிக் கமிஷன் கடைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் நாள் ராத்திரி வத்தலைப் பனியில் போட்டு வைப்பார்கள், கொஞ்சம் பதமானால்தான் சாக்கில் மிதித்துக் கட்டும்போது நொறுங்காது. ஒருவர் சாக்குக்குள் இறங்கி மிதிக்க, மற்றவர் கூடையால் கொட்டுவார். மிதிப்பவர் அன்று குளித்துப் பயனில்லை. கடையில் சாக்கை வரிசையாக வாய் பிரித்து வைத்ததும் ஒருவர் வருவார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். ஒன்றைக் காதருகே ஆட்டுவார், ஒன்றைக் கிள்ளி முகருவார், உதட்டைப் பிதுக்குவார். பிறகு அந்தப் பிடியைச் சாக்கில் திரும்பப் போடாமல் பக்கத்துத் தாம்பாளத்தில் போடுவார். சாம்பிள். இன்னொருவர் வருவார், இன்னொரு பிடி. நான் பன்னிரண்டு வயசுக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அந்தத் தாம்பாளங்கள் சேர்ந்து ஒரு சாக்காகிவிட்டன. “அந்தச் சாக்கு யாருக்கு ஐயா?” என்று கேட்டேன். அவர் என் தோளை அழுத்தினார். விதைக்கும் உழவுக்கும் கிடைக்கும் அதே கடையில்தான் புரட்டாசியில் பணம் வாங்கியிருந்தார். முன்பணம் கொடுத்தவன் கடையில்தான் சரக்கை இறக்க வேண்டும், அவன் சொல்கிற விலைதான் விலை. இதைத் திரும்பி வரும் பஸ்ஸில், அபிராமம் ரோடு தாண்டிய பிறகு, அடிக்குரலில் சொன்னார். கூடவே பொட்டலம் பிரித்து ஒரு மிக்சரும் கொடுத்தார்.

எட்டாம் வகுப்பில் சரித்திர வாத்தியார் ஒரு குண்டைப் போட்டார். மிளகாய் நம் நாட்டுச் செடியே இல்லை என்றார். அமெரிக்கக் கண்டத்தில், மெக்சிகோப் பக்கம் விளைந்தது. கொலம்பஸ் போய் வந்த பிறகு ஐரோப்பாவுக்கு வந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் இங்கே இறங்கியது. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. அவர் தேடி வந்தது மிளகை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கொண்டுவந்து விட்டது மிளகாயை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மிளகாய்க்காரர் வீட்டுப் பிள்ளைகள். யாரும் நம்பவில்லை. “மிளகு, காய், சேர்த்துச் சொல்லுங்கடா” என்றார் வாத்தியார். சொன்னோம். “அப்ப எது முந்தி?”

வீட்டுக்கு ஓடிவந்து அப்பத்தாவிடம் சொன்னேன். “கப்பல்ல வந்துச்சாம்ல! கரிசல்ல கெடை போட்டு, உழுது, வெதச்சு... உங்க வாத்தியாரை ஒருநாள் களை எடுக்க வரச்சொல்லு” என்றது. ஆனால் அன்று பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்ற அத்தைக்குப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தது அப்பத்தா. அதில் மிளகு, சுக்கு, பூண்டு. வத்தல் போடவில்லை. ஏன் என்றேன். “பச்சை உடம்புக்காரிக்கு மிளகாயா? ஆகாதுடா” என்றது. காய்ச்சல் வந்தால்? மிளகு ரசம். சளிக்கு? சுக்கு, மிளகு, திப்பிலி. சொல்லிக்கொண்டே வந்த அப்பத்தா நடுவில் நிறுத்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. பிறகு, “சரி, எந்திரிச்சுப் போய் மாட்டைக் கட்டு” என்றது.

அந்தப் பார்வையை ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குள் அர்த்தப்படுத்திக்கொண்டேன். உடம்பு நலிந்தால் நாம் கப்பல் வருவதற்கு முந்தைய அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறோம். ஸ்ரீரங்கத்து மடப்பள்ளியில் இன்றும் மிளகாய் ஏறுவதில்லை, காரத்துக்கு மிளகுதான். முசிறித் துறைக்கு யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதைச் சொல்லும் அகநானூற்றுக்கு மிளகாயைத் தெரியாது. அப்புறம் வந்த இந்தச் செடி, மேற்கு மலையில் மரத்தைப் பற்றிப் படர்ந்து வெயிலும் மழையும் கணக்காகக் கேட்கும் மிளகைப் போல் அல்லாமல், எங்கள் தண்ணியில்லாக் காட்டிலும் விளைந்து கொடுத்தது. மிளகு பணக்காரச் சரக்கு. எங்கள் அஞ்சறைப் பெட்டியில் அதற்கு மிகச் சின்னக் கிண்ணம். காரம் என்பதை ஏழைக்குக் கிடைக்கச் செய்தது மிளகாய்தான். மலையாளத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே முளகு என்றாலே இப்போது மிளகாய். சொந்தக்காரனான மிளகு தன் பெயரை விருந்தாளியிடம் கொடுத்துவிட்டு, குருமுளகு என்றும் நல்லமுளகு என்றும் அடைமொழி போட்டுக்கொண்டு திரிகிறது.

ஊரில் கப்பல் கதையை நம்பிய ஒரே ஆள் கண்டிக்காரப் பெரியம்மா. கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, 1964 ஒப்பந்தத்தின் பேரில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாத்தன் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவள். வந்து பத்து வருஷமாகியும் கடையில் போய், “நூறு கொச்சிக்காத் தூள் கொடுங்க” என்பாள். கடையே சிரிக்கும். கொச்சியிலிருந்து போன சரக்கு என்பதால் அங்கே அந்தப் பெயர் என்று அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார். “ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குக் கப்பல்ல போனா பேரு மாறத்தானே செய்யும்” என்பாள் அவள், தன்னைப் பற்றிச் சொல்வதுபோல. யாழ்ப்பாணத்தில் வத்தலைச் செத்தல் என்பார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். அவளைக் களையெடுப்பில் யாரும் மிஞ்ச முடியாது. கொழுந்து கிள்ளிய விரல்.

திருஷ்டி கழிப்பதில்கூட எங்கள் ஊரில் தரம் பிரிவினை உண்டு. சாயங்காலம் மூன்று வத்தல், கல்லுப்பு, கடுகு, தெருமுனை மண் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நெடி வராவிட்டால் கண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு எப்போது சுற்றினாலும் நெடி ஊரைத் தூக்கும். “வெளுத்த வத்தலைப் போட்டா வேற எப்படி வரும், அதுக்குத்தான் காரம் ஜாஸ்தி” என்று சின்னம்மா முணுமுணுப்பாள். அப்பத்தா காதில் வாங்காது. கண் கழிப்பதற்காக விற்கிற சரக்கை எரிப்பதா?

சின்னம்மா சொன்னதில் பாதி சரி. மிளகாயின் நிறம் வேறு, காரம் வேறு. நிறம் தோலில் இருக்கிறது, வெயிலும் ஈரமும் பட்டால் போய்விடும். காரம் உள்ளே விதையைத் தாங்கி நிற்கிற வெள்ளைச் சதையில். விதையில்தான் காரம் என்பது பலருடைய எண்ணம், அந்தச் சதையோடு ஒட்டிக்கிடப்பதால் அதற்கும் ஏறியது அது. வெளுத்த வத்தலுக்குச் சிவந்ததைவிடக் காரம் கூடுதல் என்று சொல்ல முடியாது. ஆனால் நிறத்தை இழந்தும் அது காரத்தை விட்டுவிடவில்லை. சந்தை நிறத்துக்கு விலை போட்டது. நாங்கள் காரத்தைச் சாப்பிட்டோம்.

சென்னைக்கு வந்து முப்பது வருஷமாகிறது. 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் பத்திரிகையில் பார்த்த அன்று, கடையில் போய் ஒரு பாக்கெட் வாங்கினேன். பெட்டியில் படம், உள்ளே பளபளவென்று சிவப்பு. இப்போது குளிர்பதனக் கிடங்கில் வைத்து நிறம் போகாமல் காக்கிறார்கள். மண்டியில் அதற்கு ஏசி வத்தல் என்று பெயர். தாளிப்பில் போட்டேன், எண்ணெயில் உருண்டு உப்பியது, கலகலத்தது, எல்லாம் சரி. குழம்பு கல்யாண வீட்டுக் குழம்பு மாதிரி சிவந்து வந்தது. பிள்ளைகள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது யாரோ வீட்டுக் குழம்பு.

இந்த வருஷம் பங்குனியில் ஊருக்குப் போனேன். ஐயா, அப்பத்தா, அம்மா யாரும் இல்லை. வீட்டில் அத்தாச்சி இருக்கிறாள். பாதிப் புஞ்சையில் கருவேலம் ஏறிவிட்டது. மீதியில் மிளகாய் போட்டிருக்கிறார்கள். ரோட்டில் காயப்போடுவது குறைந்து தார்ப்பாய் வந்திருக்கிறது. புளியமரம் இருக்கிறது. அடியில் மூன்று குவியலும் இருந்தன.

“அத்தாச்சி, எனக்கு ரெண்டு கிலோ வத்தல் வேணும். வெளுத்ததுல குடுங்க” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அதை எதுக்குத் தம்பி கேக்கிறீக?”

“குழம்புக்குத்தான். அம்மா வைக்கிற மாதிரி.”

“நல்லாயிருக்கே கதை” என்று சிரித்தாள். சுற்றியிருந்த பெண்களும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று இரண்டு தரம் சொன்னேன். “சரி, சரி, முடிஞ்சு வைக்கிறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க” என்றாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது பழைய வேட்டித் துணியில் இறுகக் கட்டிய மூட்டையை என் மடியில் வைத்தாள். வளைவு திரும்பும் வரை கையைத் தூக்கியபடியே நின்றாள். நான் மூட்டையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தும்மல் தும்மினேன். பக்கத்து சீட்டுப் பையன் சிரித்தான்.

சென்னையில் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். ரத்தச் சிவப்பு. எல்லாம் காம்போடு, முழுசாக, ஒரே அளவு. அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். வெளுத்தது ஒன்றுகூட இல்லை.